எல்லோருக்கும் எட்டுகிற சுரம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

தேவாலய ஆராதனையில் ஒரு பழைய ஞானப்பாட்டின் எண்ணைச் சொன்னதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பக்கம் புரட்டும் சத்தம் அடங்குவதற்குள் பாதிப்பேர் முதல் வரியைத் தொடங்கிவிடுவார்கள். சிலர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. வாராவாரம் புதிய பாட்டுகள் வந்துகொண்டிருக்கும்போது இவை மட்டும் எப்படி நிற்கின்றன? பழக்கம் என்று சொல்வார்கள். சரி, அதுவும் உண்டு. ஆனால் இவை பாட்டுப் பயிற்சி இல்லாதவர்களுக்காகவே செய்யப்பட்டவை. எனக்கு அதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

மெட்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரையான அளவுக்குள், மிஞ்சினால் ஒன்றிரண்டு சுரம் கூடுதலாக, அடங்கிவிடும். படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு என்பதால், முதல் சரணத்தில் தடுமாறியவர் மூன்றாவது சரணத்தில் தைரியமாகச் சேர்ந்துகொள்வார். தேர்ந்த ஒரு பாடகரின் குரலை மனதில் வைத்துச் செய்த பாட்டில் இது நடப்பது கடினம். அங்கே சபையார் கொஞ்ச நேரத்தில் வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வரிகளுக்கும் ஓர் அளவு உண்டு. ஆங்கிலப் பாட்டுகள் பலவற்றில் வரிவரியாக 8, 6, 8, 6 என்று அசைகள் வரும். அந்த அளவில் எழுதிய சொற்களை அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து, பின்னாளில் குருவானவர் ஜான் நியூட்டன். அவர் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பாட்டை இந்த அளவில் எழுதியது 1772-இல். உலகமே இன்று முணுமுணுக்கிற மெட்டோடு அது அச்சில் வந்தது 1835-இல். அதற்குள் அவர் இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை வேறு மெட்டுகளில் பாடினார்கள்.

புதிய பாட்டுகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆங்கிலப் பாட்டாசிரியர் ஐசக் வாட்ஸ் 1707-இல் தன் பாட்டுகளை வெளியிட்டபோது, வேதாகமத்திலுள்ள சங்கீதங்களைத் தவிர வேறெதுவும் பாடக்கூடாது என்றிருந்த சபைகள் ஏராளம். அன்று அவரும் புதியவர்தான். அவருக்குப் பின் வந்த சார்லஸ் வெஸ்லி 6,000-க்கும் மேல் பாட்டுகள் எழுதினார். இன்று பாடப்படுவது அதில் மிகச் சிறிய பங்கு. பாடிப் பார்த்து, சல்லடையில் சலித்ததுபோல் சபைகள் வைத்துக்கொண்டவைதான் நம் கைக்கு வந்திருக்கின்றன.

அவருடைய அண்ணன் ஜான் வெஸ்லி 1761-இல் பாடும் முறை பற்றிச் சில குறிப்புகள் கொடுத்தார். எல்லோரும் பாடுங்கள், உரக்கப் பாடுங்கள், ஆனால் உங்கள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்படி கத்தாதீர்கள் என்பது அவற்றின் சாரம். இதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

என் அப்பாவின் அடக்க ஆராதனையில் பாமாலை என்ற ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்லியிருந்தேன். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பின்வரிசைகளில் இருந்தவர்கள், பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, புத்தகம் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவருக்குச் சுருதி சேரவில்லை. ஒரு சொல்கூடத் தவறவும் இல்லை. உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று அன்று என் வாயால் சொல்ல முடியாததை, அவர்கள் எனக்காகச் சொன்னார்கள். கடைசிச் சரணம் வந்தபோது எனக்குக் குரல் திரும்பியிருந்தது. அந்தப் பெரியவரோடு சேர்ந்து பாடி முடித்தேன்.