பாம்புக்கு இரும வராது! அப்போ சளி பிடிச்சா எப்படித் தெரியும்?

[முதல் ஷாட்: கண்ணாடித் தொட்டி. பால் பைத்தான்ங்கிற மலைப்பாம்பு ஒண்ணு தலையைச் செங்குத்தாத் தூக்கி, மேலேயே பார்த்துக்கிட்டு இருக்கு.]

இதைப் பாருங்க. ஏதோ தியானம் பண்ற மாதிரி இருக்குல்ல? உடனே வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போடத் தோணும். எடுங்க, ஆனா டாக்டருக்கு அனுப்புங்க. இந்தப் பாம்பு மூச்சு விட முடியாமத் திணறுது.

வணக்கம் மக்களே! தென்னாப்பிரிக்காவுல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா, எங்க இருந்து பார்த்தாலும் சரி, வீட்டுல பாம்பு வளர்க்குறீங்கன்னா இந்த வீடியோ உங்களுக்குத்தான். வளர்க்கலைன்னாலும் பாருங்க, தம்பி ஒருத்தன் எங்கேயாவது கார்ன் ஸ்னேக் வச்சிருப்பான்.

முதல்ல சட்டம், ஒரே வரியில: பிரவுன் ஹவுஸ் ஸ்னேக் மாதிரி உள்ளூர்ப் பாம்பு வச்சிருந்தா பர்மிட் வேணும், குவாசுலு நட்டால் மாகாணத்துல அதைத் தர்றது எசெம்வெலோங்கிற வனவிலங்குத் துறை. சரி, மேட்டருக்கு வருவோம்.

[திரையில்: பாம்பின் உள்ளுறுப்புப் படம்]

நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை இருக்கு. இருமும்போது சளியை மேல தள்ளுறதுல அதுக்கு முக்கியமான பங்கு. பாம்புக்கு அந்தத் தசையே கிடையாது. விலா எலும்புத் தசையை வச்சுத்தான் மூச்சு விடுது. நுரையீரலும் நீட்டுப் பை மாதிரி. கார்ன் ஸ்னேக்குக்கு வலது பக்கம்தான் வேலை செய்யுது, இடது பக்கம் பேருக்குத்தான். பைத்தானுக்கு இடது இருக்கு, ஆனா சின்னது. இப்போ சளி கட்டுச்சுன்னா என்ன ஆகும்? பையோட அடியில போய்த் தேங்கும். வெளிய தள்ள வழி இல்ல. அதனாலதான் தலையைத் தூக்குது, காத்து போக வர கொஞ்சமாவது வழி கிடைக்கட்டும்னு. நாம மூக்கு அடைச்சா ரெண்டு தலகாணி வச்சுப் படுக்கிறோமே, அதே கதைதான்!

இது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடியே பாம்பு சொல்லிடும், நமக்குத்தான் காது கேக்காது. என்னென்ன பார்க்கணும்? மூக்குத் துவாரத்துல குமிழி. வாயோரம் நூல் மாதிரி இழுபடுற எச்சில். தொட்டிக் கண்ணாடியில உதடு உரசின இடத்துல காய்ஞ்ச கறை. இந்தக் கறையைத்தான் முக்கால்வாசிப் பேர் தண்ணிக் கறைன்னு நினைச்சுத் துடைச்சுட்டுப் போயிடுறாங்க. அப்புறம் சத்தம். ராத்திரி டிவியை அணைச்சுட்டு, பாம்பைக் கையில எடுத்துக் காது கிட்ட வச்சுக் கேளுங்க. சீறல் வேற, அது உங்க மேல உள்ள கோபம். ஒவ்வொரு மூச்சுக்கும் கிளிக், கிளிக்னோ, ஈரமான விசில் மாதிரியோ வந்தா அது நோய்.

ஒரு விதிவிலக்கு. சட்டை உரிக்கப் போற நேரத்துல மூக்குக்குள்ள தோல் தளர்ந்து லேசா விசில் வரும். கண்ணு நீலம் பாரிச்சிருக்கான்னு பாருங்க. அப்படின்னா காத்திருங்க. சட்டையைக் கழட்டி ரெண்டு மூணு நாள் ஆகியும் விசில் நிக்கலைன்னா போனை எடுங்க.

இது எப்போ அதிகம் வரும்? ஜூன், ஜூலை. கோயில்ல ஆடிக் கஞ்சி ஊத்துற நேரம்தான் நமக்குக் குளிர்காலம். டர்பன்ல ராத்திரி 11 டிகிரி, ஜோபர்க்ல 4 டிகிரி பக்கம் போகும். பால் பைத்தானுக்குச் சூடான மூலை 31, 32 டிகிரி வேணும், குளிர்ந்த மூலை 25லேருந்து 27. கார்ன் ஸ்னேக்குக்கு 28லேருந்து 30 போதும். கண்ணாடியில ஒட்டுற வட்ட மீட்டரை நம்பாதீங்க, அது கண்ணாடியோட சூட்டைத்தான் சொல்லும். ஒயர் நுனியில சென்சார் உள்ள தெர்மாமீட்டரைப் பாம்பு படுக்குற இடத்துலயே வைங்க. கரண்ட் போயிட்டா என்ன பண்றது? வெந்நீர் பாட்டிலைத் துண்டுல சுத்தித் தொட்டிக்கு வெளிய ஒட்டி வைங்க, காத்து ஓட்டையை மட்டும் விட்டுட்டுக் கம்பளி போத்துங்க. அன்னிக்கு எலி போடாதீங்க. சூடு இல்லன்னா செரிக்காது, கக்கிடும்.

கக்கிட்டா? பாவம் பசிக்குமேன்னு மறுநாளே இன்னொரு எலி கொடுக்காதீங்க, இங்கதான் நிறையப் பேர் பாம்பைக் கெடுக்குறாங்க. 10லேருந்து 14 நாள் வயிறு காலியா இருக்கட்டும், அப்புறம் பாதி சைஸ் எலி. ரெண்டாவது தடவையும் கக்கினா, இல்ல நடு உடம்பு வீங்கியிருந்தா, டாக்டர்தான். அது கிரிப்டோஸ்போரிடியமா இருக்கலாம். சாதாரண பிளீச்சுக்குச் சாகாத கிருமி, பக்கத்துத் தொட்டிக்கும் தாவும்.

[திரையில்: பால் டம்ளர், மேல சிவப்பு எக்ஸ்]

அட, பாட்டிங்க யாராவது பாலும் முட்டையும் வைக்கச் சொல்லியிருப்பாங்களே! புத்துக்குப் பால் ஊத்துறது பக்தி, அதுல நான் தலையிடல. ஆனா பால் பைத்தான் பேருல உள்ள 'பால்' நம்ம பால் இல்லைங்க, பந்து. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதனால வந்த பேரு. பாலைச் செரிக்க அதால முடியாது. வாய்ப்புண்ணுக்கு மஞ்சள் அப்புறதும் வேண்டாம். அங்க ஒரு ஆச்சரியம்: பாம்போட சீழ் ஒழுகாது. நம்ம வெள்ளணுக்கள்ல சீழை இளக்குற நொதி உண்டு, பாம்போடதுல அது இல்ல. அதனால சீழ் பன்னீர்க் கட்டி மாதிரி இறுகிடும். ஈறுல மஞ்சளா கட்டி தெரிஞ்சா மருந்து மட்டும் போதாது, டாக்டர் சுரண்டி எடுக்கணும்.

கண்ணைச் சுத்தி, இல்ல தண்ணிக் கிண்ணத்துல கசகசா மாதிரி கறுப்புப் புள்ளி நகர்ந்தா அது மைட்ங்கிற குட்டிப் பூச்சி. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தை அடிக்காதீங்க, அளவு தப்பினா பாம்பு செத்துடும்.

சாப்பிடலைன்னு மட்டும் பதறாதீங்க. பால் பைத்தான் மாசக் கணக்குல பட்டினி கிடக்கும். கிச்சன் தராசுல வாரம் ஒரு தடவை எடை போட்டு எழுதி வைங்க. 1,500 கிராம் இருந்தது 1,350க்கு இறங்கினா, அதாவது பத்துல ஒரு பங்கு, அப்போ கூப்பிடுங்க.

வாயைத் திறந்தே மூச்சு விடுறது, பின்துவாரத்துல சதை வெளிய தள்ளியிருக்கிறது, மல்லாக்கப் போட்டா தானா நிமிராதது. இந்த மூணுல எது இருந்தாலும் அன்னிக்கே கிளம்பணும். சதை தள்ளியிருந்தா சலைன்ல நனைச்ச துணியைச் சுத்தி, காயாமக் கொண்டு போங்க.

எந்த டாக்டர்? நாய் பூனை டாக்டர் எல்லாரும் பாம்பு பார்க்க மாட்டாங்க. போன்லயே கேளுங்க: "ஊர்வன பார்ப்பீங்களா? நுரையீரல் சளியை எடுத்துக் கல்ச்சர் அனுப்புவீங்களா?" ரெண்டாவது கேள்விக்கு இழுத்தாங்கன்னா வேற இடம் பாருங்க. எந்தக் கிருமின்னு தெரியாம ஆன்டிபயாட்டிக் போட்டா நாள்தான் போகும். பக்கத்துல யாரும் இல்லன்னா, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தோட ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவமனைக்குப் பரிந்துரை கேளுங்க.

ஊசியை வீட்டுலயே போடச் சொல்லித் தரலாம். சில மருந்துக்கு மூணு நாளைக்கு ஒரு தடவைதான். போடுற இடம் முக்கியம்: தலையிலேருந்து உடம்போட முதல் மூணுல ஒரு பங்குக்குள்ள. பாம்போட பின்பாதி ரத்தம் இதயத்துக்குப் போற வழியில சிறுநீரகத்துக்குள்ள புகுந்து போகலாம். மருந்து வேலை செய்யுறதுக்கு முன்னாடியே வெளியேறிடும், இல்ல சிறுநீரகத்தையே கெடுத்துடும். தொட்டியும் சூடா இருக்கணும். குளிர்ந்த உடம்புல எந்த ஊசியும் பிடிக்காது. மூச்சுல இழுக்குற புகை மருந்துக்கு எஃப்10ங்கிற கிருமிநாசினியைச் சொன்னாங்கன்னா, நம்ம நாட்டுத் தயாரிப்புதான், ஆனா எஸ்சி-ன்னு போட்டதை வாங்குங்க. எஸ்சிஎக்ஸ்டி வேண்டாம், அதுல சோப்பு கலந்திருக்கு.

கிளம்பும்போது பாம்பைப் பருத்தித் தலகாணி உறையில போட்டு முடிச்சுப் போடுங்க, அதை ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க. கூட எடை நோட்டு, தொட்டி போட்டோ, உரிச்ச சட்டை, புதுசாப் போன கழிவு. கழிவை மூடி இறுக்கின டப்பாவுல ஃபிரிட்ஜ்ல வைக்கலாம், ஆனா பேர் எழுதி ஒட்டுங்க. மாங்கா ஊறுகாய்னு நினைச்சு யாராவது திறந்தா அதுக்கு இந்த சேனல் பொறுப்பு இல்ல.