அப்பாயின்ட்மென்ட் நோட்டை மூடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் நடத்துகிறேன். மூன்று நாற்காலி, என்னோடு சேர்த்து நான்கு பேர். ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் வசதியை எங்களைப் போன்ற சின்னத் தொழில்காரர்கள் எப்படிப் பார்த்து எடுப்பது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரியாக, நான் பட்டறிந்ததை வைத்தே பேசுகிறேன்.

புருவத்துக்கு த்ரெடிங் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருப்போம். மற்றதை இரண்டு கை விரல்களும் பிடித்திருக்கும். வாடிக்கையாளர் கண்ணை மூடி, இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கூப்பிட்டால், "பரவால்லக்கா, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்பார்கள். பல் மருத்துவருக்கும், கையெல்லாம் ஆயிலாக நிற்கும் பைக் மெக்கானிக்குக்கும், பிசியோதெரபி செய்பவருக்கும் இதே கதைதான். கை வேலையில் இருக்கும்போது வரும் போன்தான் ஆன்லைன் புக்கிங் பக்கம் என்னைத் திரும்ப வைத்தது.

வருகிற மக்களுக்கு இது பழகுமா என்று முதலில் தயங்கினேன். தேவையில்லாத தயக்கம். ரயில் டிக்கெட்டை 2002-லிருந்து ஆன்லைனில் எடுக்கிறோம். பாஸ்போர்ட்டுக்கு நாளும் நேரமும் குறித்துக்கொண்டுதான் போகிறோம். 2021-ல் தடுப்பூசிக்காக கோவின் தளத்தில் ஸ்லாட் தேடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்லாட் என்ற சொல்லே அந்த வருடம்தான் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் வந்தது. ஆக, மக்கள் பழகிவிட்டார்கள். அவர்கள் பழகியதை நம் கடைக்குச் சரியாக எடுத்து வருகிறோமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

சரி, எங்கே தொடங்குவது? எந்த சாஃப்ட்வேர் என்று யூடியூபில் தேடுவதற்கு முன்னால் உங்கள் பழைய அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுத்து மேஜையில் வையுங்கள். மூன்று மாதத்துப் பக்கங்கள் போதும். அப்புறம் ஒரு வாரம், ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் அதே நோட்டில் எழுதுங்கள். நாங்கள் அப்படி எழுதிப் பார்த்தபோது, பத்து நிமிடம் என்று நாங்கள் நினைத்திருந்த த்ரெடிங், ஆள் வந்து உட்காருவதிலிருந்து காசு கொடுத்துக் கிளம்புவது வரை கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஐந்து ஐந்து நிமிடங்கள்தான் சேர்ந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நாலு பேரைக் காக்க வைத்திருந்தன. எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரானாலும் நாம் போடுகிற கணக்கைத்தான் நம்பும். ஃபேஷியல் ஒரு மணி நேரம் என்று போட்டால் அடுத்த ஆளை ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். பெட் விரிப்பு மாற்றுகிற நேரத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே இடைவெளி வைக்க வழி இல்லாத சாஃப்ட்வேரை நான் எடுக்க மாட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹேர் கலரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கலர் பூச நாற்பது நிமிடம். ஊற முப்பத்தைந்து நிமிடம். அலசி, உலர்த்த அரை மணி. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். ஆனால் அந்த முப்பத்தைந்து நிமிடம் வாடிக்கையாளர் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார், என் கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கை சும்மா இருக்கும். அதற்குள் இரண்டு பேருக்கு த்ரெடிங் முடித்துவிடலாம். நோட்டில் எழுதுகிறவரை நாங்கள் அப்படித்தான் செய்தோம், யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் போட்ட சாஃப்ட்வேர் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் மொத்தமாக அடைத்துவிட்டது. இடையில் யாரும் புக் செய்ய முடியவில்லை. ஒரு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது வருமானம் இறங்கியிருந்தது, வேலை குறைந்த மாதிரியே தெரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

இதோடு சேர்ந்ததுதான் தலை அலசும் நாற்காலி. எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று பெண்களும் அந்த நேரத்துக்கு ஃப்ரீ என்று சாஃப்ட்வேர் மூன்று ஹேர் ஸ்பாவை ஒரே மணிக்கு வாங்கி வைத்தால் எங்கே அலசுவது? ஆளை மட்டும் எண்ணுகிற சாஃப்ட்வேர் வேறு, நாற்காலி, பெட், மெஷின் இவற்றையும் சேர்த்து எண்ணுகிற சாஃப்ட்வேர் வேறு. பல் மருத்துவமனையில் இரண்டு டாக்டர், ஒரு எக்ஸ்ரே மெஷின் என்றால் அங்கேயும் இதே கேள்விதான். டெமோ காட்ட வருகிறவரிடம், "ரெண்டு பேர் ஃப்ரீ, நாற்காலி ஒண்ணுதான், இப்ப புக் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பதில் சொல்வதை விடுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

இனி முகூர்த்த நாளைப் பற்றி. எங்கள் தொழிலில் வருடத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு கல்யாணப் பெண் அலங்காரத்தில்தான். காலை நாலரை ஆறு முகூர்த்தம் என்றால், நடு ராத்திரி ஒன்றரை இரண்டு மணிக்கு மண்டபத்தில் அலங்காரம் தொடங்க வேண்டும். அதாவது எங்கள் வேலை நேரம் சனிக்கிழமை இரவு பதினொன்றுக்கு வண்டி ஏறி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுக்கு முடியும். கடை திறக்கும் நேரம் காலை ஒன்பது, மூடும் நேரம் இரவு எட்டு என்ற கட்டத்துக்குள் மட்டும் யோசிக்கிற சாஃப்ட்வேர்கள் நடு ராத்திரியைத் தாண்டும் வேலை நேரத்தை ஏற்றுக்கொள்ளாது. வாங்குவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

நம் பேச்சு வழக்கும் இதில் குறுக்கே வரும். ஞாயிறு விடியற்காலை இரண்டு மணியை நாம் எல்லோரும் "சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி" என்றுதான் சொல்வோம். ஒரு கல்யாணப் பெண்ணின் அக்கா அதே நினைப்பில் சனிக்கிழமையை அழுத்தி, இரண்டு மணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். சாஃப்ட்வேருக்கு அது சனிக்கிழமை விடியற்காலை, நம் பேச்சில் வெள்ளிக்கிழமை ராத்திரி. வியாழக்கிழமை எப்போதும்போல மண்டபத்து விலாசம் கேட்கப் போன் செய்ததால் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் சனிக்கிழமை விடியலில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்து வாசலில் நின்றிருப்போம். ஞாயிறு அந்தப் பெண் அலங்காரம் இல்லாமல் மணவறைக்குப் போயிருப்பாள். அந்த நினைப்பு இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கப்புறம் கல்யாண புக்கிங்கை நான் ஆன்லைனில் முழுசாக விடுவதில்லை. தேதியைக் கேட்டு வைக்க மட்டும் ஒரு படிவம். நேரத்தைப் பேசித்தான் முடிப்போம். உறுதிச் செய்தியில் "முகூர்த்தம் ஞாயிறு காலை, நாங்கள் வருவது அதற்கு முந்தின இரவு" என்று தமிழில் முழு வாக்கியமாக எழுதுகிறோம். உறுதிச் செய்தியின் வாசகத்தை நாமே தமிழில் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வெளிநாட்டு சாஃப்ட்வேர் என்றால் இன்னும் இரண்டு சோதனை. ஒன்று, அதன் கடிகாரம். நாங்கள் சோதித்த ஒன்றில் காலை பத்து மணிக்கு என் தங்கை புக் செய்தாள். என் பக்கத்தில் விடியற்காலை நாலரை என்று காட்டியது. அது கிரீன்விச் நேரத்தில் ஓடியிருக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். செட்டிங்கில் யாரும் இந்தியா என்று மாற்றவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, தேதி எழுதும் முறை. அமெரிக்க வழக்கில் மாதம் முதலில் வரும். 5/9 என்று காட்டினால் அது செப்டம்பர் ஐந்தா, மே ஒன்பதா? மாதத்தை எழுத்தில் காட்டும்படி மாற்றிவிடுங்கள்.

நினைவூட்டும் செய்தி மிக முக்கியம். எங்கள் கடையில் வராமல் போகிறவர்களில் பெரும்பாலோர் மறந்துபோனவர்கள்தான், ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு செய்தி போனால், வர முடியாதவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள். இடம் வேறு ஒருவருக்குக் கிடைக்கும். எஸ்எம்எஸ் விஷயத்தில் நம் நாட்டில் ஒரு விதி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தி போய்ச் சேராது. சாஃப்ட்வேர் திரையில் அனுப்பியாச்சு என்றே காட்டலாம். அதனால் அந்தப் பதிவை அவர்கள் செய்து தருவார்களா, நாம் செய்ய வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் எஸ்எம்எஸ்ஸைவிட வாட்ஸ்அப்பைத்தான் பார்க்கிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம், ஆனால் சாஃப்ட்வேர் தானாகவே நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்றால் அது வேறு வழி, அதற்குக் கட்டணம் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை செய்தி போகும் என்று பெருக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அட்வான்ஸ் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். த்ரெடிங்குக்கு அட்வான்ஸ் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், நான் வாங்குவதில்லை. நாலு மணி நேரம் பிடிக்கும் ஸ்ட்ரெயிட்னிங்குக்கு வாங்குகிறேன். யுபிஐ 2016-ல் வந்த பிறகு நூறு, இருநூறு அனுப்புவது யாருக்கும் பாரமில்லை. முந்தின நாள் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதை புக் செய்யும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், பிறகு சண்டை வராது.

பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். தனி ஆளாக டியூஷன் எடுப்பவர், வரி ஆலோசகர், வீட்டில் தையல் வைத்திருப்பவர் போன்றவர்களுக்குக் கூகுள் காலண்டரில் சாதாரண ஜிமெயில் கணக்கிலேயே கிடைக்கும் புக்கிங் பக்கம் போதும். பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். கேலண்ட்லி மாதிரியானவை இரண்டு பேர் பேசிச் சந்திக்கும் வேலைக்கு அருமையாகப் பொருந்தும். நாலைந்து பேர், பத்து இருபது வகை வேலை என்று போகும்போது சோஹோ புக்கிங்ஸ் போல ஆள்வாரியாக நேரம் பிரிப்பது வேண்டும். சோஹோ நம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம். இந்த வகையில் பெரும்பாலும் ஆள் கணக்கில் மாதக் கட்டணம். அதனால் பகுதி நேரமாக வரும் பெண்ணுக்கும் முழுக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சலூன், பார்லருக்கென்றே வரும் செயலிகள் சில, புது வாடிக்கையாளரை அனுப்பினால் கமிஷன் எடுக்கும். பத்து வருடமாக வருகிறவர் அந்தச் செயலி வழியாக புக் செய்தால் அவரைப் புதியவர் என்று கணக்கிடுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு கேள்வி, நம்மிடம் இருக்கும் பெயர்களும் போன் நம்பர்களும் யாருடையவை என்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் கட்டணம் கட்டத் தவறிய மாதத்தில் கணக்கு பூட்டப்பட்டு, மூன்று வருட வாடிக்கையாளர் பட்டியலும் உள்ளேயே போய்விட்டது. சேர்ந்த முதல் வாரத்திலேயே பட்டியலை எக்செல் ஃபைலாக இறக்கிப் பாருங்கள். இறக்க முடியவில்லை என்றால் அந்த வாரமே வெளியே வந்துவிடுங்கள். தேவையில்லாததைக் கேட்கவும் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. புருவம் திருத்த வருகிறவரின் பிறந்த தேதி நமக்கு எதற்கு? தோலுக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்ற கேள்வி வேண்டும். அது அவர் பத்திரமாக வீடு போவதற்கு.

கோவின் பற்றிச் சொன்னேன். 2021 மே மாதம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது ஆன்லைன் பதிவு கட்டாயம் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளேயே அரசு மையங்களில் நேரில் வருகிறவர்களையும் பதிய வழி விட வேண்டியதாயிற்று. மார்க்கெட்டுக்கு வந்த கையோடு எங்கள் கடையில் ஏறும் அம்மாக்கள் இருக்கிறார்கள். கையில் காய்கறிப் பை, பட்டன் போன். லிங்க்கை அழுத்துங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஒரு நாற்காலியை ஆன்லைனில் காட்டாமல் வைத்திருக்கிறோம். அது அவர்களுக்கு. இப்படி நேரத்தை அடைத்து வைக்கும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் உண்டு, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, ஒன்றை முடிவு செய்வதற்கு முன் மூன்று பேரை புக் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கல்லூரிப் பெண், உங்கள் சித்தி வயதில் ஒருவர், பஸ்ஸில் போகும்போது சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில் ஒருவர். வாய் திறக்காமல் பாருங்கள். எங்கள் சித்தி, செயலியை டவுன்லோட் செய்யச் சொன்ன இடத்தில் போனை என்னிடம் நீட்டிவிட்டார். ஓடிபி வந்த இடத்தில், "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொன்னாங்களே" என்றார். அவர் சொன்னது நியாயம். டவுன்லோடும் ஓடிபியும் இல்லாமல், வெறும் லிங்க்கில் பெயரும் நம்பரும் கேட்டு முடிகிற ஒன்றைத்தான் எடுத்தோம்.

மாற்றிக்கொள்ள நல்ல மாதம் ஆடி. கல்யாணம் இருக்காது, கூட்டம் குறைவு. அந்த மாதம் முழுக்க நோட்டையும் சாஃப்ட்வேரையும் சேர்த்தே நடத்துங்கள். தினமும் கடை சாத்தும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே வேறாக இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் முதல் வாரத்தில் ஏழு இடத்தில் தப்பு கண்டுபிடித்தோம், நாலாவது வாரத்தில் ஒன்று. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் நோட்டை அலமாரியில் வைத்தேன்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.