இஞ்சின் கத்தினாலும் இடது காலை எடுக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. சென்னையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் பட்டறையில் வேலை பார்த்தவன். மிதித்த ஆக்சிலரேட்டர் திரும்பி வராமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பேசச் சொல்லி நிலையத்தில் அழைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதித்து கியர் போட்டு ஓட்டும் கார்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆட்டோமேட்டிக் கார் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் வரும்.

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் பெடல் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. எங்கள் வண்டிகளில் அந்தப் பக்கம் இருப்பது கிளட்சும் பிரேக்கும்தான். ஆக்சிலரேட்டர் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி உறைந்துபோனால், அவர் காலைப் பிடித்து நான் இழுக்க முடியாது. இழுக்கத் தேவையும் இல்லை. என் பக்கத்து இரண்டு பெடலையும் மிதிக்கிறேன். இஞ்சின் அலறுகிறது, வண்டி நிற்கிறது. ஆக்சிலரேட்டர் நிஜமாகவே மாட்டிக்கொண்டாலும் வேலை இதேதான். சுலபம் என்று தோன்றுகிறது இல்லையா? ஆனால் தனியாக ஓட்டும்போது பெரும்பாலானோர் இதற்கு நேர்மாறாகச் செய்துவிடுகிறார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை பக்கம் சிக்னல் விழுந்து இரண்டாவது கியரில் வேகம் பிடிக்கிறீர்கள். மூன்றாவது போட கிளட்சை மிதித்து வலது காலைத் தூக்குகிறீர்கள். அடங்க வேண்டிய இஞ்சின் அடங்காமல் வீறிடுகிறது. கியர் வண்டியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதலில் தெரியும். கிளட்ச் மேலே இருக்கும் வரை வண்டி நன்றாகப் பிக்கப் ஆகிறது என்று நினைத்திருப்பீர்கள். கிளட்சை மிதித்ததும் பாரம் விலகுகிறது, இஞ்சினுக்குப் போட்டி இல்லை, இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் சரசரவென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறுகிறது.

அந்தச் சத்தம் ஆளைக் கலக்கிவிடும். கிளட்சை மிதித்ததால்தான் ஏதோ உடைகிறது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. உடனே கிளட்சை விடுகிறார்கள். சத்தம் குறைகிறது. ஆனால் அவ்வளவு விசையும் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது, முன்னால் நிற்கும் மாநகரப் பேருந்தை நோக்கி வண்டி பாய்கிறது. இஞ்சின் கத்துகிறது என்றால் சக்கரத்துக்கு ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம். கத்தட்டும். இடது கால் தரையோடு தரையாக இருக்கட்டும்.

இஞ்சின் வெடித்துவிடாதா என்று கேட்பார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களில் சுற்று ஒரு அளவுக்கு மேல் போனால் கம்ப்யூட்டரே பெட்ரோலை வெட்டி வெட்டி விடும். கேட்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடர், பத்மினிகளில் அந்தக் காவல் இல்லை. அதில் இஞ்சின் கெட வாய்ப்பு உண்டு. கெட்டால் கெடட்டும், இஞ்சினைக் கடையில் வாங்கலாம்.

கிளட்ச் மிதித்தாயிற்று, அடுத்து பிரேக். ஒரே மிதி, நன்றாக அழுத்தி, விடாமல். பம்ப் பண்ணாதீர்கள். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு, குறிப்பாகப் பழைய ஆட்களுக்கு, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கும் பழக்கம் இருக்கிறது. பெட்ரோல் காரில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர், இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. ஆக்சிலரேட்டர் முழுக்கத் திறந்து கிடந்தால் அந்த வெற்றிடம் சரியாகக் கிடைக்காது. பூஸ்டரில் சேமிப்பாக இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதைப் பம்ப் பண்ணித் தீர்த்துவிட்டால் பெடல் கல்லாகிவிடும். அப்போதும் பிரேக் பிடிக்கும், ஆனால் பல மடங்கு பலம் போட வேண்டியிருக்கும்.

பிறகு கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். கிளட்ச் அழுத்தித்தானே இருக்கிறது, நியூட்ரல் எதற்கு என்றால், கால் நடுங்கும். செருப்பு வழுக்கும். இஞ்சின் உச்சத்தில் சுற்றும்போது கிளட்சிலிருந்து கால் நழுவினால் வண்டி தவளை மாதிரி எகிறும். நியூட்ரலில் போட்டுவிட்டால் அந்தப் பயம் இல்லை. நாலு இண்டிகேட்டரையும் போட்டு, இடது ஓரம் ஒதுங்கி, நின்ற பிறகு சாவியைத் திருப்புங்கள்.

சாவி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். எடுத்த எடுப்பில் சாவியைப் பிடுங்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஓடும் வண்டியில் சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், அப்புறம் கத்திப்பாரா வளைவில் நேராகத்தான் போக முடியும். கிளட்சை மிதிக்க வழியே இல்லாமல், ஓட்டத்திலேயே இஞ்சினை அணைத்தாக வேண்டும் என்றால் ஒரே ஒரு கட்டம் பின்னால் திருப்புங்கள், சாவியை உருவாதீர்கள். ஸ்டீயரிங் கனக்கும், பூட்டாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் பொதுவாக அணையாது. அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், சிலவற்றில் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று அதனுடன் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

கிளட்சும் பிரேக்கும் கைக்குள் வந்த பிறகு ஆக்சிலரேட்டரை ஒருமுறை சட்டென்று தட்டிப் பார்க்கலாம், கால் விரலைக் கீழே கொடுத்து நெம்பியும் பார்க்கலாம். சில நேரம் விடுபடும். குனிந்து கையால் மட்டும் இழுக்காதீர்கள். குனிந்தவுடன் ரோடு தெரியாது.

இப்போது அந்த ஆட்டோமேட்டிக் கதை. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி விபத்துக்குள்ளானது, உள்ளே இருந்த நாலு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், அன்று டூட்டியில் இல்லை. ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. வேறு மாடல் காருக்கான ரப்பர் மேட்டை அதில் போட்டிருந்தார்கள், ஆக்சிலரேட்டர் அதில் மாட்டிக்கொண்டது. பட்டன் ஸ்டார்ட் கார், இஞ்சினை அணைக்க மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் அது யாருக்குத் தோன்றும்? மிதிக்கக் கிளட்சும் இல்லை. அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மின்னணுக் கோளாறாக இருக்குமோ என்று நாசா விஞ்ஞானிகளை வைத்தே ஆராய்ந்தார்கள், 2011இல் அப்படி எதுவும் அகப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

நம் ஊரில் மேட் கதை இதைவிட மோசம். ஷோரூமில் கொடுத்த மேட் கீழே இருக்கும். அதன் மேல் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிய தடிமனான மேட். மழைக்காலம் என்றால் அதற்கும் மேலே ஒரு ரப்பர் மேட். சர்வீஸுக்குப் போய் வந்தால் அவர்கள் விரித்த காகிதம் வேறு, எடுத்துப் போட மனம் வராமல் வாரக்கணக்கில் கிடக்கும். கொக்கியில் மாட்டாத மேட் ஒவ்வொரு முறை குதிகால் அழுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து பெடல் மேல் ஏறும். இது போதாது என்று, வெறுங்காலில் ஓட்டுகிறவர்கள் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் விடுகிறார்கள். பிரேக் போட்டால் அது உருண்டு பெடலுக்கு அடியில் வரும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். ஓட்டுபவர் காலடியில் ஒரே மேட், கொக்கியில் மாட்டிய மேட், வேறொன்றும் கிடக்கக்கூடாது. செருப்பைப் பின்சீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் இல்லையென்றால் கேபிள், அல்லது திராட்டில் பாடி. பழைய கார்களில் பெடலிலிருந்து இஞ்சின் வரை ஒரு கம்பி ஓடும், பல மெல்லிய இழைகளை முறுக்கியது. திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்று வேறு. உறைக்குள்ளே துரு ஏறி ஓர் இழை அறும். அறுந்த நுனி உறையின் உட்புறத்தைக் கீறிக்கொண்டே போய்வரும். அப்படிப்பட்ட கேபிளை உருவி விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்த்தால் முள் குத்துகிற மாதிரி குத்தும். அந்த முள் ஒரு நாள் உறைக்குள் கொக்கி போட்டுக்கொள்ளும். எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. எண்ணெயில் தூசு சேரும், அறுந்த இழை ஒட்டாது. மாற்றிவிடுங்கள்.

திராட்டில் பாடியில் காற்றைத் திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு இருக்கிறது, மெக்கானிக்குகள் பட்டர்பிளை என்பார்கள். எண்ணெய் ஆவி படிந்து படிந்து அதன் விளிம்பில் கறுப்புப் பிசின் சேரும். காலையில் முதல் மிதி இறுக்கமாக இருந்து, டப்பென்று விட்டு, வண்டி முன்னால் குதிக்கிறதா? சிக்னலில் நின்ற பிறகும் ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறதா? இவையெல்லாம் முன்னறிவிப்பு. ஏசி போட்டவுடன் ரேஸ் கொஞ்சம் ஏறுவது மட்டும் இயல்பு, அதை வைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது வரும் பல கார்களில் கேபிளே இல்லை, பெடலில் சென்சார்தான். இரண்டு சென்சார் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடும். பல வண்டிகளில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் பிரேக் பேச்சுதான் எடுபடும். ஆனால் சென்சாருக்கு மேட் எது, கால் எது என்று தெரியாது.

லைசென்ஸ் டெஸ்டில் இதை யாரும் கேட்பதில்லை. அதனால் நானே காலி மைதானத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஓட்டவிட்டு, திடீரென்று "மாட்டிக்கிச்சு!" என்று கத்துவேன். சிலர் வலது காலைத் தூக்குவதோடு நின்றுவிடுவார்கள், சிலர் என் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு காலும் சேர்ந்து இறங்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வேன். வீட்டில் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

நின்ற பிறகு முதலில் மேட்டைப் பாருங்கள். குற்றவாளி அதுதான் என்றால், எடுத்து டிக்கியில் போடுங்கள். பெடல் தடையில்லாமல் வருகிறதா என்று மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மேட் இல்லையென்றால், பக்கத்துத் தெருதானே என்று ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். கேபிள் வைத்த வண்டி என்றால், பட்டறையிலிருந்து எடுக்கும் முன் இஞ்சினை அணைத்து, பேனட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சட்டென்று விடட்டும். இஞ்சின் பக்கம் கேபிள் இழுக்கும் கைப்பிடி 'டப்' என்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்து வைத்தும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மெல்ல மெல்ல வந்தால் பணம் கொடுக்காதீர்கள், வண்டி அங்கேயே இன்னொரு நாள் இருக்கட்டும். நன்றி, வணக்கம்.