கதைக்காக கேம் விளையாடுறவைக்கு ஒன்லைன் ஆர்பிஜி சரிவருமா?

வணக்கம். கடையில இருந்து கேக்கிறவை, ஏ9 றோட்டில பஸ்சில போய்க்கொண்டு கேக்கிறவை, வீட்டில சமைச்சுக்கொண்டு கேக்கிறவை, எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்திற ஆள், பின்னேரத்தில கொஞ்சப் பெடியளுக்கு படிப்பிக்கிறதும் உண்டு, மற்றப்படி கேம் எண்டா கொஞ்சம் விசர், அவ்வளவுதான் என்னைப் பற்றி.

நிகழ்ச்சி செய்யிற தங்கச்சி என்னைக் கூப்பிட்டு கேட்டது இதுதான். ஏ.எல் சோதினை முடிச்சிட்டு ரிசல்ட் வருமட்டும் வீட்டில இருக்கிற பிள்ளையள் கனபேர் விட்சர் 3, தி லாஸ்ட் ஒஃப் அஸ் மாதிரி கதை உள்ள கேமுகளை முடிச்சிட்டினமாம், இனி ஒன்லைன் ஆர்பிஜிக்கு, அதாவது இன்ரநெற்றில கனபேர் ஒரே உலகத்துக்குள்ள ஆளுக்கொரு பாத்திரமா விளையாடுற கேமுக்கு, போகலாமோ, அதில கதை இருக்கோ, இல்லாட்டி சும்மா லெவல் ஏத்திறதுதானோ எண்டு கேக்கினமாம், அதைப் பற்றி கொஞ்சம் கதைப்பீங்களோ அண்ணை எண்டா. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். கேள்வி சின்னன், பதில்தான் கொஞ்சம் நீளும், பொறுத்துக் கேளுங்கோ.

கதை இருக்கோ எண்டு கேட்டா, இருக்கு. சில கேமில தேவைக்கு மிஞ்சியே இருக்கு. ஆனா நீங்கள் கேக்க வேண்டியது அது இல்லை. நீங்கள் எந்தச் சாதி கதைப்பிரியர் எண்டதைத்தான் முதல் பாக்கவேணும். ஏனெண்டா கதை பிடிக்கும் எண்டு சொல்லுற ஆக்களில ரெண்டு விதமானவை இருக்கினம். ஒரு விதம், கதையை நான் தீர்மானிக்கவேணும், நான் ஒருத்தனைக் காப்பாத்தினா அவன் கடைசிவரைக்கும் உயிரோட நிக்கவேணும், நான் பொய் சொன்னா அந்தப் பொய் பிறகு எங்கயோ வந்து என்னைக் கடிக்கவேணும் எண்டு நினைக்கிறவை. 2023ல வந்த பல்டர்ஸ் கேட் 3 இந்த ஆக்களுக்கெண்டே செய்த கேம். மற்ற விதம், எனக்கு தீர்மானிக்கிற வேலை வேண்டாம், நல்லாச் சொல்லு, நான் கேக்கிறன், பாத்திரங்களோட கனகாலம் இருக்க விடு எண்டு சொல்லுறவை. தி லாஸ்ட் ஒஃப் அஸ் அப்பிடித்தானே, அதில நாங்கள் முடிவை மாத்தேலாது, ஆனா முடிவு வரேக்க நெஞ்சு இறுகும்.

ரெண்டாவது விதமெண்டா ஒன்லைன் ஆர்பிஜி உங்களுக்கு சரிவரும். முதலாவது விதமெண்டா பெரும்பாலும் சரிவராது, இதை நான் முகத்துக்கு நேர சொல்லிப்போடுறன்.

ஏன் எண்டா, அது எழுதினவைக்கு ஏலாமல் இல்லை, உலகம் எல்லாருக்கும் பொது எண்டதாலதான். ஒரு ஊர்த் தலைவனை நீங்கள் கொண்டுபோட்டியள் எண்டு வையுங்கோ, உங்களுக்குப் பிறகு வாற ஆளுக்கு அந்த தலைவன் வேலை குடுக்கவேணுமே, அப்ப அவன் அங்க நிக்கத்தான் வேணும். இதுக்கு ஒரு வழி வைச்சிருக்கினம், ஒரே இடத்தை உங்களுக்கு ஒரு மாதிரியும் எனக்கு ஒரு மாதிரியும் காட்டுற வேலை, ஆனா அதை கேம் முழுக்க செய்யேலாது, செய்தா ரெண்டு சிநேகிதர் ஒண்டாப் போய் ஒரே இடத்தில நிக்கவே ஏலாமப் போயிடும். அதால இந்த கேமுகளில உங்கட தெரிவு எண்டது கூடுதலா வசனத்தில மட்டும்தான் மாறும், உலகத்தில மாறாது.

இன்னொரு தொல்லையும் இருக்கு. கதையில ஒரு கிழவி வந்து "நீதானப்பா இந்த உலகத்துக்கு வந்த ஒரேயொரு வீரன்" எண்டு அழுதுகொண்டு சொல்லுவா, நீங்கள் திரும்பிப் பாத்தா அதே சந்தியில இன்னும் நாப்பது ஒரேயொரு வீரர் நிப்பினம், ஒருத்தன் கோழி மாதிரி ஒரு வாகனத்தில ஏறி நிண்டு டான்ஸ் ஆடிக்கொண்டிருப்பான். சிலருக்கு இதில மனம் விட்டுப்போகும். ஆனா எங்கட பக்கம் காத்தவராயன் கூத்து பாத்து வளந்த ஆக்களுக்கு இது பெரிய விசயமா இருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன். விடிய விடிய நடக்கிற கூத்தில முன் காத்தான் ஒராள், பின் காத்தான் வேறயொராள், முகம் மாறும் குரல் மாறும் உயரமும் மாறும், சனம் ஒண்டும் கேக்கிறேல்லை, காத்தான் கழுமரம் ஏறேக்க கண்ணைத் துடைக்குது. அந்த மனம் உங்களுக்கு இருந்தா நாப்பது வீரர் நிண்டாலும் உங்கட கதை உங்களோடதான்.

சரி, கேமுகளுக்கு வருவம். கதைக்காக ஒரேயொரு ஒன்லைன் ஆர்பிஜி சொல்லு எண்டு கேட்டா நான் சொல்லுறது ஃபைனல் ஃபேண்டஸி 14. இந்த கேமுக்கே ஒரு கதை இருக்கு. 2010ல வந்தது, வந்த உடனயே சனம் காறித் துப்பாத குறை, அவ்வளவு மோசம். பிறகு நவோக்கி யோஷிடா எண்டவரை பொறுப்பாப் போட்டு, அவர் என்ன செய்தவர் எண்டா ஒருபக்கம் பழைய கேமை ஓடவிட்டுக்கொண்டு மற்றப்பக்கம் முழுசாப் புதுசா ஒண்டைக் கட்டினார். 2012 நவம்பரில பழைய சேர்வரை, அதாவது கேம் ஓடுற கொம்பனிக் கொம்பியூட்டரை, மூடேக்க கதையிலயும் உலகத்தை அழிச்சுப்போட்டினம், வானத்தில இருந்து ஒரு சந்திரன் விழுந்து அதுக்குள்ள இருந்து ஒரு பெரிய ட்ராகன் வெளிக்கிட்டு எல்லாத்தையும் எரிக்கும். 2013 ஓகஸ்டில புது கேம் வந்தது, அந்த அழிவுக்கு அஞ்சு வருசம் கழிச்சு தொடங்குற கதையா. தோத்துப்போன கேமை குப்பையில போடாமல் கதைக்குள்ளயே பழங்காலமா மாத்தின கெட்டித்தனத்தை நான் வேற எங்கயும் காணேல்லை.

இதில பிரதான கதை எண்டது ஒரே கோடு. ஒண்டு முடிச்சாத்தான் அடுத்தது, சும்மா தாண்டிப் போகேலாது, புது இடங்களே கதை முடிச்சாத்தான் திறக்கும். 2015ல ஹெவன்ஸ்வேர்ட், 2017ல ஸ்டோர்ம்பிளட், 2019ல ஷடோபிரிங்கர்ஸ், 2021ல எண்ட்வோக்கர் எண்டு வரிசையா வந்த பாகங்கள், அதில எண்ட்வோக்கரோட பத்து வருசமா இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரிய கதை முடியுது. முடிவு இருக்கிற ஒன்லைன் கேம் எண்டது அரிது, இதை நான் அழுத்திச் சொல்லுறன். கூடுதலான ஒன்லைன் கேமுகள் முடியவே மாட்டுது, வில்லன் செத்தா அவனுக்குப் பின்னால இன்னொரு வில்லன்.

ஆனா தொடக்கம் இழுவை. சரியான இழுவை. அங்க போ இதைக் குடு, இஞ்ச வா அதை எடு எண்டு முதல் பாகம் ஆளைச் சாகடிக்கும், 2020ல அவையே கொஞ்சத்தை வெட்டிக் குறைச்சவை, இப்பயும் நீளம்தான். ஹெவன்ஸ்வேர்ட் தொடங்கினாப் பிறகுதான் கதை எழும்பி உக்காரும். கன வசனத்துக்கு குரல் இல்லை, வாசிக்கவேணும். இது குறை எண்டு சொல்லுறவை இருக்கினம், எனக்கெண்டா எங்கட பிள்ளையளுக்கு இது நல்லம் எண்டு படுது, ஏனெண்டா நீங்கள் அமத்தினாத்தான் அடுத்த வசனம் வரும், இங்கிலீஷ் மெதுவா வாசிக்கிற பிள்ளை டிக்சனரியைப் பாத்துப் பாத்தும் வாசிக்கலாம், ஆரும் அவசரப்படுத்த மாட்டினம். அதில இங்கிலீஷ் கொஞ்சம் பழைய காலத்துப் பாணி, அதுக்கும் ஆயத்தமா இருங்கோ.

இடைக்கிடை குகை மாதிரி இடங்களுக்குள்ள நாலு பேராப் போய் சண்டைபிடிக்க வேண்டி வரும். கூச்ச சுபாவம் உள்ளவை இதுக்குத்தான் பயப்பிடுறது. பயப்பிட வேண்டாம், கதையில வாற நாலுபேர்ச் சண்டையளுக்கு கேமே பாத்திரங்களை உங்களோட துணைக்கு அனுப்பும், தனியவே போகலாம். எட்டுப்பேர் போற சண்டை வந்தாத்தான் உண்மையான ஆக்கள் வேணும், அங்கயும் "நான் புதுசு" எண்டு ஒரு வரி டைப் பண்ணினா கூடுதலா நல்ல மாதிரித்தான் நடத்துவினம்.

மற்றதுகளை கெதியாச் சொல்லுறன். ஸ்டார் வோர்ஸ் தி ஓல்ட் ரிபப்ளிக், 2011 டிசம்பரில வந்தது, பயோவெயார் எண்ட கொம்பனி செய்தது, நீங்கள் எடுக்கிற ஆளைப் பொறுத்து எட்டு வேற வேற கதை, எல்லாத்துக்கும் குரல், தெரிவு செய்யிறதும் உண்டு, நான் முதல் சொன்ன அந்த தீர்மானிக்கிற ஆக்கள் ஒன்லைனில ஒண்டைத் தொட்டுத்தான் பாக்கவேணும் எண்டா இதைத்தான் தொடவேணும். அதிலயும் இம்பீரியல் ஏஜென்ட், அதாவது உளவாளியின்ர கதை, சும்மா கேம் எண்டில்லாமல் நல்ல நாவல் வாசிச்ச மாதிரி. எட்டுக் கதையும் காசில்லாமல் விளையாடலாம். கேம் பழசு, முகங்கள் மெழுகுப் பொம்மையள் மாதிரி இருக்கும், பரவாயில்லை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஒன்லைன், 2014ல வந்தது, 2016க்குப் பிறகு எந்த மூலைக்கும் எந்த லெவலிலயும் போகலாம் எண்டு ஆக்கிவிட்டவை, சின்னச் சின்னக் கதையள் நல்லம், ஆனா எங்க தொடங்குறது எங்க முடிக்கிறது எண்டு புது ஆளுக்கு தலை சுத்தும். கில்ட் வோர்ஸ் 2, மாசக்காசு கிடையாது, அடிப்படை கேம் 2015ல இருந்து சும்மா. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2004ல இருந்து ஓடுற கிழவன், கதைக்காக இப்ப புதுசாப் போக நான் சொல்ல மாட்டன், இருவது வருசத்துக் கதையில நடுவில கொண்டுபோய் இறக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

இதில ஒரு விசயம் கதைப்பிரியர் கட்டாயம் தெரிஞ்சிருக்கவேணும். டிவிடியில வாங்கின கேம் எண்டா பத்து வருசம் கழிச்சும் அதே கதை. ஒன்லைன் கேமில கதை காணாமப் போகும். கில்ட் வோர்ஸ் 2ல 2013ல தொடங்கின முதல் தொடர் கதை நடந்துகொண்டிருக்கேக்க பாத்தவை பாத்ததுதான், பிறகு வந்தவைக்கு கன வருசமா அது இல்லை, 2022லதான் திருப்பிக் கொண்டந்தவை. டெஸ்டினி 2 எண்ட சுடுற கேமில 2020ல முதல் கதையையே தூக்கிப்போட்டினம், காசு குடுத்து வாங்கின ஆக்கள் வாயைப் பாத்துக்கொண்டு இருந்தினம். இந்த விசயத்தில ஃபைனல் ஃபேண்டஸி 14 பரவாயில்லை, 2013க்குப் பிறகு வந்த பிரதான கதை, கொஞ்சம் வெட்டினாலும், வரிசையா அங்கயேதான் இருக்கு.

இனி எங்கட பாட்டைப் பாப்பம். இந்த கேமுகள் நூறு ஜிபியைச் சுற்றி வரும், டேட்டாப் பேக்கேஜில இரவு நேரத்து டேட்டா இருந்தா ராவில போட்டுட்டுப் படுங்கோ, பகல் டேட்டாவை இதுக்கு எரிக்காதேங்கோ, பிறகு வீட்டில ஒருத்தருக்கும் வாட்ஸ்அப் கோல் எடுக்கேலாது, உங்களுக்கு பேச்சுத்தான் விழும். மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளுக்க இருக்கிறவை சிக்னல் விட்டுவிட்டு வருது எண்டு சொல்லுறவை, அவைக்கு ஒரு நல்ல செய்தி, ஃபைனல் ஃபேண்டஸியில ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில சாதாரணமா ரெண்டரை செக்கன் இருக்கு, அதால யப்பான் சேர்வருக்குப் போய் வாற தாமதம் ஃப்ரீ ஃபயர் எண்ட சுடுற கேமில மாதிரி ஆளைக் கொல்லாது. கரண்ட் போனா என்ன நடக்கும் எண்டும் கேப்பினம். அதில ஒன்லைன் கேம்தான் திறம். தனியாள் கேமில சேவ் பண்ணாமல் இருந்த நேரம் கரண்ட் போனா போனதுதான், ஒன்லைனில எல்லாம் சேர்வரில இருக்கு, முடிச்ச வேலை முடிச்சதுதான். ஆனா நிப்பாட்டி வைக்கிற பட்டன் கிடையாது. அம்மா தண்ணி அள்ளிக்கொண்டு வா எண்டு கூப்பிட்டா, எட்டுப்பேர்ச் சண்டையின்ர நடுவில, மற்ற ஏழு பேரும் ஆரெண்டே தெரியாத ஆக்கள், அவையும் காத்துக்கொண்டு நிப்பினம். அம்மாவுக்கு இதை முதலே விளங்கப்படுத்தி வைக்கிறது நல்லம், விளங்குமோ எண்டது வேற கதை.

லப்டொப் இல்லை, போன்தான் இருக்கு எண்டு சொல்லுறவைக்கு கென்ஷின் இம்பக்ட் இருக்கு, 2020ல வந்தது, சீனாவில செய்தது. பிரதான கதை முழுக்க காசில்லாமல் தனியவே போகலாம், குரலும் இருக்கு, இடங்கள் வடிவு. ஆனா புதுப் பாத்திரம் எடுக்கிறது லொத்தர். நல்ல பாத்திரம் ஒரு இழுவையில விழுற வாய்ப்பு 0.6 வீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு, தொண்ணூறாவது இழுவைக்குள்ள ஒண்டு விழும் எண்டு மட்டும் உறுதி. சும்மா தாற பாத்திரங்களை வைச்சே கதையை முடிக்கலாம். தாய் தகப்பன்மார் கேட்டுக்கொண்டிருந்தா, பிள்ளையின்ர போனில உங்கட கார்ட் நம்பரை பதிஞ்சு வைக்காதேங்கோ, நான் சொல்லிட்டன்.

பரீட்சிச்சுப் பாக்கிறது எப்பிடி எண்டா, இலவசத்தில தொடங்குங்கோ, ஒரு கிழமை சிநேகிதர் ஒருத்தரையும் சேர்க்காமல் தனிய விளையாடுங்கோ, ஒரு வசனத்தையும் தள்ளிவிடாதேங்கோ. சிநேகிதரோட எண்டா எந்தக் குப்பையும் பகிடியா இருக்கும், அதில கதையின்ர தரம் தெரியாது. ஒரு கிழமையால கொம்பியூட்டரை மூடிட்டுப் படுக்கேக்க உங்கட மண்டைக்குள்ள என்ன ஓடுது எண்டு பாருங்கோ. அந்தப் பெட்டை ஏன் அப்பிடிச் சொன்னவள், அவளுக்கு முதலே தெரியுமோ எண்டு ஓடினா தொடருங்கோ. இன்னும் ரெண்டு லெவல்தான், நாளைக்கு அந்த வாளை எடுத்திடலாம் எண்டு மட்டும் ஓடினா, உங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறது கதை இல்லை, அப்ப திரும்பி தனியாள் கேமுக்கே போங்கோ, அங்க நல்லது கன இருக்கு.

கடைசியா காசு. 2022ல ரூபா விழுந்த பிறகு டொலர் கட்டுற எந்த விசயத்தையும் ரெண்டுதரம் யோசிக்க வேண்டி இருக்கு, ஃபைனல் ஃபேண்டஸிக்கு மாசம் 13 டொலர் அளவில போகும், கேமுக்கு வேறயா. ஆனா 2023 ஒக்டோபரில இருந்து ஸ்டோர்ம்பிளட் வரைக்கும், லெவல் 70 வரைக்கும், இலவசத்துக்குள்ள விட்டிருக்கினம், நாள் கணக்கு கிடையாது, ரிசல்ட் வந்து கம்பஸ் தொடங்குமட்டும் விளையாடினாலும் முடியுமோ தெரியாது. ஒண்டு மட்டும் கவனம், ஒருக்கா முழுக் கேமை வாங்கினியள் எண்டா அதே கணக்கில இலவசத்துக்கு திரும்பி வரேலாது, மாசக்காசு நிண்டா கேமும் நிக்கும். அதால ஸ்டோர்ம்பிளட்டின்ர கடைசி வசனத்தை வாசிச்சு முடிக்குமட்டும், ஆர் தள்ளுபடி எண்டு சொன்னாலும், கார்டை எடுக்காதேங்கோ. நன்றி, வணக்கம்.