தறிக்குடோனுக்கு எந்த ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாம்?

[காட்சி: விசைத்தறிகள் ஓடுகின்றன, சத்தம் அப்படியே]

வணக்கமுங்க. இந்தச் சத்தத்தில் சட்டைப் பையில் இருக்கிற போன் எவ்வளவு அலறினாலும் காதில் விழாதுன்னு சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணிக்கட்டில் நல்ல அதிர்வு வந்தால் போதும், யாருன்னு பார்த்துவிட்டு வெளியே வந்து பேசிக்கலாம். ஸ்மார்ட்வாட்ச் செய்கிற உருப்படியான வேலை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் கடையில் யாரும் அதிர்வைக் காட்டுவதில்லை, வாட்ச்சிலேயே பேசலாம், பாட்டுக் கேட்கலாம், நூறு ஸ்போர்ட்ஸ் மோடு இருக்குன்னுதான் ஆரம்பிக்கிறார்கள்.

[காட்சி: இரண்டு வாட்ச், நேர் வெயிலில்]

சரி, திரையைப் பாருங்க. இடது பக்கம் இருப்பது அமோலெட். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடும், கடைக்குள் கண்ணைப் பறிக்கும். ஈரோட்டுப் பக்கம் மத்தியான வெயிலில் மஞ்சள் காட்டில் நின்று பார்த்தால் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் பேட்டரி இறங்கும். வலது பக்கம் டிரான்ஸ்ஃபிளெக்டிவ் திரை. மேலே விழுகிற வெளிச்சத்தையே திருப்பி அனுப்புவதால் வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும், நாள் பூராவும் மணி காட்டிக்கொண்டே இருந்தாலும் கரண்ட் கொஞ்சம்தான் தின்னும். கலர் மங்கல்தான், இருட்டில் பின்விளக்கு வேண்டும், ஆனால் மணியும் பெயரும் பார்க்க அது தாராளமாகப் போதும்.

இந்த வழியில் முதலில் பேர் வாங்கியது பெப்பிள். 2012-ல் மக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்டரில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய வாட்ச், தொடுதிரை இல்லாமல் ஓரத்தில் பட்டன்கள், ஒரு சார்ஜில் பல நாள். 2015-ல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது ஆப்பிளே சொன்ன கணக்கு 18 மணி நேரம். 2016 கடைசியில் பெப்பிள் ஃபிட்பிட் கம்பெனி கைக்குப் போய் நின்றுபோனது, ஆனால் கட்டிப் பழகியவர்கள் அதை விடவே இல்லை, 2025 ஜனவரியில், பிறகு ஃபிட்பிட்டையே வாங்கிவிட்ட கூகுள் பெப்பிளின் மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு திறந்துவிட்டதும் பெப்பிளை உருவாக்கியவரே மறுபடி வாட்ச் செய்ய இறங்கிவிட்டார்.

தினம் சார்ஜ் போட்டால் என்னன்னு கேட்கலாம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை முழுசாக ஏறி இறங்கினாலே தேய ஆரம்பிக்கும், தினமும் என்றால் வருசத்துக்கு 365 முறை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்றால் சுமார் 25 தான்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டும்னு சொல்லி வாட்ச் விற்றால் தயவுசெய்து வாங்காதீங்க. தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லைன்னு மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்பா அம்மா அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்துங்க.

தினம் ஓடுகிறவர், போனை வீட்டில் வைத்துவிட்டு ஜி.பி.எஸ். பார்க்க வேண்டும் என்கிறவர், தாராளமாகப் பெரிய வாட்ச் வாங்கிக்கலாம். மற்றவர்கள் கடைக்காரரிடம் கேட்டு வெளியே வெயிலில் பாருங்க, ஒரு போன் போடச் சொல்லி அதிர்வைப் பாருங்க, ஈரக் கைக்கும் திரை வேலை செய்யுதான்னு விரலை நனைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்க. சார்ஜர் மாடலுக்கு மாடல் மாறும், தொலைந்தால் தனியாகக் கிடைக்குமான்னும் கேட்டுக்கங்க.