வாட்ஸ் ரெட்டிப்பானா சத்தம் ரெட்டிப்பாகுமா? பெரிய ஆம்ப், பை-ஆம்பிங்: முழுக் கணக்கு

[திரையில்: ஸ்பீக்கரின் பின்பக்கம். நான்கு முனைகள், அவற்றை இணைக்கும் இரண்டு தங்க நிறத் தகடுகள்.]

வணக்கம். ஸ்பீக்கருக்குப் பின்னாடி ரெண்டு முனைக்குப் பதிலா நாலு முனை இருந்தா ஒரு ஆசை வரும். இன்னொரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கி, பேஸ் ஒலி தர்ற ஊஃபருக்கு ஒண்ணு, மேல் ஒலி தர்ற ட்வீட்டருக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக் கொடுத்தா என்ன? இதுதான் பை-ஆம்பிங். இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் பலன் ஒண்ணு இல்ல. அதுக்கு முன்னாடி வாட்ஸ் கணக்கைப் பார்த்திருவோம். நிறைய பேரோட காசு அங்கேயே கரைஞ்சிருது.

[திரையில்: 1, 10, 100, 200 வாட்ஸ். பக்கத்தில் டெசிபல் அளவு ஏறுகிறது.]

ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. 87 டெசிபல்னு வெச்சுக்குவோம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தா, 1 மீட்டர் தூரத்துல அவ்வளவு சத்தம் வரும். சோபா 3 மீட்டர் தள்ளி இருந்தா கொஞ்சம் குறையும். ரெண்டு ஸ்பீக்கர், சுவர்ல பட்டுத் திரும்புற ஒலி எல்லாம் சேர்ந்தா கொஞ்சம் கூடும். மொத்தத்துல ஒத்தை வாட்லயே 80 டெசிபல் பக்கம் காதுக்கு வந்துருது. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம் அது.

அப்போ மீதி வாட்ஸ் எதுக்கு? தவில்ல விழற ஒரு அடிக்கு. நல்லா பதிவு பண்ணின இசையில அந்த மாதிரி உச்சங்கள் சராசரியை விட 15, 20 டெசிபல் மேல போகும். 20 டெசிபல்னா 100 மடங்கு பவர். அதனால 100 வாட்ஸ் ஆம்ப் ஆடம்பரம் இல்ல, நியாயமான தேவைதான்.

ஆனா 100ல இருந்து 200க்குப் போனா கிடைக்கிறது 3 டெசிபல் மட்டும். சத்தம் ரெட்டிப்பான மாதிரி காதுக்குத் தோணணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதாவது 10 மடங்கு பவர். அதே 3 டெசிபலை 87க்குப் பதிலா 90 சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கர் எடுத்தா சும்மாவே வாங்கிரலாம். (பெட்டி மேல பி.எம்.பி.ஓ.ன்னு ஆயிரக்கணக்குல எழுதியிருந்தா, அந்த எண்ணை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவர் எவ்வளவு, எத்தனை ஓம்ல, எத்தனை சேனல் ஒண்ணா ஓடும்போதுன்னு கேளுங்க.)

பெரிய ஆம்ப் நிஜமாவே தேவைப்படற இடமும் உண்டு. சென்சிட்டிவிட்டி 83, 84ன்னு கம்மியா இருக்கற 4 ஓம் ஸ்பீக்கர், பெரிய ஹால், சத்தமா கேட்கிற பழக்கம். இங்க சின்ன ஆம்பை முறுக்கினா அலையோட உச்சி தட்டையா வெட்டுப்படும். அதான் கிளிப்பிங். அப்போ மேல் அதிர்வெண்கள் கூடுதலா உருவாகி ட்வீட்டரைச் சூடாக்கும். சின்ன ஆம்ப் பாதுகாப்பானதுங்கிற நம்பிக்கையில பல ட்வீட்டர்கள் எரிஞ்சிருக்கு.

பெரிய ஆம்புக்கு விலையைத் தாண்டியும் செலவு இருக்கு. கிளாஸ் ஏபிங்கிற வழக்கமான வகையில பெரிய ஆம்ப் பாட்டே போடாம ஆன்ல இருந்தாலும் மின்சாரம் இழுத்துச் சூடாகும். மே மாசத்துல மூடின டிவி அலமாரிக்குள்ள அதை வைக்கவே கூடாது. உள்ள இருக்கற பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகுற நொடியில இழுக்கிற கரண்ட்டுக்கு எம்.சி.பி. விழறதும் உண்டு. வேகமா ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யற கிளாஸ் டி ஆம்ப்ல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. இன்னைக்கு வீட்டுக்கு எனக்குப் பிடிச்சது அதுதான்.

[திரையில்: பேசிவ் பை-ஆம்பிங் வரைபடம்.]

இப்போ பை-ஆம்பிங். முதல் வகை பேசிவ். ஸ்பீக்கருக்குள்ள பேஸையும் மேல் ஒலியையும் பிரிக்கிற கிராஸ்ஓவர்ங்கிற சர்க்யூட் அப்படியே இருக்கும், ஆம்ப் மட்டும் ரெண்டு. இங்கதான் கவனிக்கணும். ட்வீட்டர் பக்கத்து ஆம்புக்கும் முழுப் பாட்டும்தான் போகுது, பேஸ் உட்பட. 8 ஓம்ல 100 வாட்ஸ்னா உச்சத்துல 40 வோல்ட். பேஸ் அடி அந்த 40ஐத் தாண்டினா, ட்வீட்டர் ஆம்ப் கரண்ட்டே பெருசா கொடுக்கலைன்னாலும் அதுவும் கிளிப் ஆகும். ரெண்டு 100 சேர்ந்து 200 ஆகலை.

ஏ.வி. ரிசீவர், அதாவது பல சேனல் ஆம்ப் உள்ளேயே இருக்கற ஹோம் தியேட்டர் பெட்டி, அதோட மெனுவுல இருக்கற பை-ஆம்ப் வசதி இன்னும் பலவீனம். எல்லா சேனலுக்கும் உள்ள ஒரே பவர் சப்ளைதான். காசு கேட்காத வசதிங்கிறதால போட்டுப் பார்க்கலாம், ஆனா அதுக்காக ரிசீவரை மாத்தாதீங்க.

[திரையில்: நெருக்கக் காட்சி. நான்கு திருகுகளையும் தளர்த்தி, தகடுகளை உருவி எடுக்கும் கை.]

செய்யறதா இருந்தா, ஆம்பை ஆஃப் பண்ணிட்டு முதல்ல இந்தத் தகடு ரெண்டையும் கழட்டுங்க. இதை விட்டுட்டா ரெண்டு ஆம்போட அவுட்புட்டும் நேருக்கு நேர் முட்டும். ஆம்ப் போயிரும். அடுத்தது, ரெண்டும் ஒரே மாடலா இருக்கட்டும். கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) வேற வேறயா இருந்தா ட்வீட்டர் கத்தும், இல்லேன்னா அமுங்கிப் போகும்.

ரெண்டாவது வகை ஆக்டிவ். சிக்னல் ஆம்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிரிஞ்சிரும். பேஸ் கிளிப் ஆனாலும் ட்வீட்டருக்கு அது எட்டாது, ட்வீட்டருக்குச் சின்ன ஆம்பே போதும். ஸ்டூடியோ மானிட்டர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஆனா கடையில வாங்கின ஸ்பீக்கரோட கிராஸ்ஓவரைக் கழட்டிட்டு நீங்களே இதைப் பண்ணணும்னா சிக்னலை டிஜிட்டலா பிரிக்கிற டி.எஸ்.பி. வேணும், அளக்கற மைக் வேணும், ஸ்பீக்கர் வடிவமைப்பும் தெரிஞ்சிருக்கணும். ஆன் பண்ணும்போது வர்ற ஒரு ‘டப்’ போதும், நேரடியா இணைச்ச ட்வீட்டர் செத்துரும்.

[திரையில்: ரிசீவரின் ஸ்பீக்கர் செட்டிங் மெனு.]

இவ்வளவு சிரமம் இல்லாம ஆக்டிவ் முறையோட பெரும்பலனை எடுக்க ஒரு வழி இருக்கு: அடி பேஸுக்குன்னே இருக்கற, சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர். மெனுவுல முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’னு வெச்சு, கிராஸ்ஓவரை (பேஸ் பிரியற அதிர்வெண்ணை) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. அதிகமா பவர் கேட்கிற அடி பேஸ் முழுக்க சப்வூஃபர் ஆம்புக்குப் போயிரும், ரிசீவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஸ்பீக்கர் உயரமா, பெருசா இருந்தாலும் ‘ஸ்மால்’தான். அந்த வார்த்தை ஸ்பீக்கரோட உருவத்தைப் பத்தினது இல்ல, பேஸை யார் சுமக்கணும்ங்கிறதைப் பத்தினது. ரெண்டாவது ஆம்புக்கு ஒதுக்கி வெச்ச பணத்தை நான் இந்த சப்வூஃபருக்குத்தான் போடச் சொல்வேன்.