கார் கண்ணாடியில் ஒட்டும் பிசிறு எங்கிருந்து வருகிறது?

வணக்கம். வந்திருக்கும் சந்தேகங்களில் இந்த ஒன்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நீல நிற மைக்ரோஃபைபர் துணி வாங்கினேன். முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு ஒட்டிக்கொள்கிறது. மறுபடி துடைத்தால் இன்னும் கூடுகிறது. துணி மட்டமானதா, நான் துடைக்கும் விதம் தப்பா? பேசாமல் பழையபடி நியூஸ்பேப்பருக்கே போய்விடலாமா? இருக்கும் துணிகளைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?"

கேள்வியிலேயே முக்கியமான தடயம் ஒன்று இருக்கிறது. துணி நீலம், பிசிறு வெள்ளை. அப்படியென்றால் அந்தப் பிசிறு இந்தத் துணியுடையது இல்லை. வேறு எங்கிருந்தோ வந்து, இந்தத் துணியில் தங்கி, கண்ணாடிக்குப் போயிருக்கிறது. மைக்ரோஃபைபரைப் பழி சொல்வதற்கு முன்னால் எல்லோரும் பார்க்க வேண்டியது இதைத்தான். பிசிறு துணியின் நிறத்திலேயே இருந்தால் துணி உதிர்கிறது. வேறு நிறத்தில் இருந்தால் துவைத்த இடத்திலோ காயப்போட்ட இடத்திலோ பிரச்சினை. துணியே வெள்ளையாக இருந்தால் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்போது ஒரு செல்லோ டேப்பை எடுத்துத் துணியின் நடுவில் ஒரு இடத்திலும் ஓரத்தில் ஒரு இடத்திலும் அழுத்தி உரித்துப் பாருங்கள். டேப்பைக் கறுப்பான எதன் மேலாவது வைத்துப் பார்த்தால் தெரியும். ஒரே மாதிரி மெல்லிய இழைகளாக வந்தால் துணியின் சொந்த இழை. நீளமும் குட்டையுமாகச் சுருண்ட பஞ்சு வந்தால் அது பருத்தி, வீட்டுத் துணியிலிருந்து வந்தது.

பருத்தி ஏன் இதில் போய் இவ்வளவு ஒட்டுகிறது? மைக்ரோஃபைபர் என்றால் ஒரு டெனியருக்கும் மெல்லிய இழை. ஒரு டெனியர் என்பது 9000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருப்பது. அதிலும் நல்ல துடைக்கும் துணியில் பாலியஸ்டரும் பாலியமைடும் (நைலான்) 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்ற அளவில் சேர்ந்திருக்கும். இழையைத் தயாரித்த பிறகு அதை நீளவாக்கில் பிளந்துவிடுவார்கள், ஆரஞ்சுப் பழத்தைச் சுளை சுளையாகப் பிரிப்பது மாதிரி. ஒவ்வொரு பிளவுக்கும் கூரான விளிம்பு கிடைக்கிறது, இடையில் சந்து கிடைக்கிறது. தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அள்ளிக்கொண்டு போவது அந்தச் சந்துகள்தான். ஆனால் அதற்குத் தூசி எது, லுங்கியிலிருந்து வந்த பஞ்சு எது என்ற வித்தியாசம் தெரியாது. வாஷிங் மெஷினில் பனியன், துண்டு, பெட்ஷீட்டோடு சேர்த்துப் போட்டால், அந்தச் சுற்றில் உதிரும் பஞ்சையெல்லாம் வாரி வைத்துக்கொள்ளும். நண்பருடைய விஷயத்தில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை, இந்தத் துணிகளைத் தனியாகத் துவைப்பது. நான்கைந்து துணிதானே என்றால் மெஷினே வேண்டாம், ஒரு வாளி போதும். மெஷினில்தான் போடுவேன் என்றால், டாப் லோடு மெஷினின் உள்ளே பஞ்சு பிடிக்கிற சின்ன வலைப்பை ஒன்று இருக்குமே, அதை முதலில் கழற்றிக் கழுவுங்கள். பல வீடுகளில் அதை மாதக்கணக்காக யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அது நிரம்பி வழிந்தால், நீங்கள் தனியாகத் துவைத்தாலும் போன வாரத்துப் பஞ்சு தண்ணீரில் மிதந்து இந்தத் துணிக்கே வந்து சேரும்.

சோப்பு விஷயத்தில் பவுடரைவிட லிக்விட் நல்லது. பவுடர் சரியாகக் கரையாமல் இழைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டால், கண்ணாடியில் வெள்ளைக் கோடாக வரும். அதைப் பார்த்துப் பிசிறு என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. துணி மணப்பதற்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கண்டிஷனரை இதில் ஊற்றவே கூடாது. அது இழையின் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் போட்டுவிடும். சந்துகள் அடைபடும், துணி தண்ணீரை உறிஞ்சாது, அந்தப் படலம் கண்ணாடிக்கும் போகும். பிளீச்சும் வேண்டாம். குளோரின் பாலியமைடை அரித்துவிடும். அரித்த இழை ஒடிந்து உதிர ஆரம்பிக்கும். அப்போது உண்மையாகவே துணி பிசிறு விடும்.

உப்புத் தண்ணீர் வரும் போர் உள்ள வீடுகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. துவைத்துத் துவைத்துத் துணி மொறமொறப்பாகிவிடும். கடைசியாக அலசும் வாளியில் கால் டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். படிந்த சுண்ணாம்பு இளகும், துணி பழையபடி மெத்தென்று ஆகும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். விஷவாயு வரும்.

காயப்போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுத்தமாகத் துவைத்துவிட்டு, மொட்டை மாடிக் கொடியில் பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் நடுவில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? காற்றில் ஒன்றோடொன்று உரசி, மறுபடியும் பஞ்சு. தனியாக, நிழலில், ரோட்டுத் தூசி வராத இடத்தில் காயப்போடுங்கள். சீக்கிரம் காய்ந்துவிடும், வெயில் தேவையில்லை. டிரையர் இருப்பவர்கள் மிகக் குறைந்த சூட்டில் போடலாம். சூடு கூடினால் மெல்லிய இழையின் நுனி சுருங்கி முரடாகிவிடும். காய்ந்ததும் வெளியே நின்று நன்றாக இரண்டு உதறு உதறிவிட்டு, ஜிப் வைத்த கவரில் போட்டு மூடி வையுங்கள். டிக்கியில் அப்படியே போட்டு வைத்தால் தரைவிரிப்பின் நார் முழுக்க அதில் ஏறியிருக்கும்.

சரி, பிசிறு துணியின் நிறத்திலேயே இருந்தால்? புதுத் துணி என்றால் அது இயல்பு. வெட்டித் தைத்தபோது தளர்ந்த இழைகள் உள்ளே கிடக்கும். கவரைப் பிரித்ததும் கண்ணாடிக்குப் போகாமல் முதலில் ஓரிரு முறை துவைத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் விடாமல் உதிர்ந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று ஓரம். ஓவர்லாக் தையல் பிரிந்து நூல் தொங்குகிறதா? தொங்கினால் இழுக்காமல் கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள். இன்னொன்று, துணியின் வகை. பூந்துவாலை மாதிரி நீளமான இழை நிற்கிற தடித்த துணி, அதாவது 400 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல் இருப்பது, பெயிண்ட்டில் மெழுகு துடைக்கவும் தண்ணீர் ஒற்றவும் அருமையானது. கண்ணாடிக்கு அது வேண்டாம். கண்ணாடிக்கு இழை தட்டையாகப் படுத்திருக்கும் நெசவோ, கட்டம் கட்டமாக இருக்கும் வாஃபிள் நெசவோதான் சரி. 200 முதல் 350 ஜிஎஸ்எம் வரை போதும். தடிமன் கூடினால் தரம் கூடும் என்று கடையில் சொல்வார்கள், கண்ணாடி விஷயத்தில் அது பொருந்தாது.

சிக்னலில் விற்கும் துணி எப்படி என்றும் சிலர் கேட்கிறார்கள். யார் விற்றாலும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். காய்ந்த உள்ளங்கையால் தடவுங்கள். பிளந்த இழையாக இருந்தால் தோலின் சொரசொரப்பில் இலேசாகக் கொக்கி போட்டு இழுக்கும். மேசையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதன் மேல் துணியை இழுங்கள். குடித்துவிட்டால் நல்லது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனால் அது பிளக்காத வெறும் பாலியஸ்டர். அதை வைத்துக் கண்ணாடி துடைத்து மனசு நொந்துகொள்ள வேண்டாம்.

இப்போது நண்பர் சொன்ன இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி துடைத்தால் பிசிறு கூடுகிறது என்கிறார். அவர் சொல்வது சரிதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. பாலியஸ்டரையும் கண்ணாடியையும் காய்ந்த நிலையில் உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும். கண்ணாடியில் ஒரு மின்னேற்றம், துணியில் அதற்கு எதிரானது. கண்ணாடி பளபளக்க வேண்டும் என்று காய்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க, அது சுற்றியிருக்கும் பஞ்சையும் தூசியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஏ.சி. போட்ட காருக்குள் காற்று உலர்ந்திருப்பதால் இது இன்னும் அதிகம். வெளிப்பக்கக் கண்ணாடியில் இப்படி யாரும் அவ்வளவாகப் புலம்புவதில்லை. அங்கே ஒட்டியதைக் காற்றும் வைப்பரும் கொண்டுபோய்விடும். உள்ளே ஒட்டியது அங்கேயே இருக்கும், எதிர் வெயில் அடிக்கும்போது முழுதாகத் தெரியும்.

இதற்கு மருந்து ஈரம். இரண்டு துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து, இனி சொட்டாது என்கிற அளவுக்கு இறுகப் பிழியுங்கள். கண்ணாடி முழுவதும் இதனால் ஒருமுறை துடையுங்கள். இன்னொரு காய்ந்த துணியால், அந்த ஈரம் போவதற்குள் ஒரே ஒரு முறை மென்மையாகத் துடைத்து விட்டுவிடுங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம். அதன் பிறகும் ஒன்றிரண்டு பிசிறு தெரிந்தால் காய்ந்த துணியை எடுக்காமல், ஈரத் துணியின் சுத்தமான பக்கத்தால் ஒற்றி எடுங்கள். துணியை நான்காக மடித்தால் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு சுத்தமான முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்ததைத் திருப்புங்கள்.

ஈரத்தால் துடைத்தும் பிசிறு பிடிவாதமாக ஒட்டுகிறது என்றால் கண்ணாடியைச் சந்தேகப்படுங்கள். வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கும் வினைலும் சூடாகி, அவற்றிலிருந்து ஒருவகைப் பிசுக்கு ஆவியாகிக் கண்ணாடியில் படியும். புதுக் காரில் இது அதிகம். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஸ்பிரே அடித்தால் சிலிக்கோனும் சேர்ந்துகொள்ளும். இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் மங்கலாகப் பரவிக் கண்ணைக் கூசவைப்பதில் இந்தப் படலத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதனால் இதை வெறும் அழகு விஷயமாக நான் நினைப்பதில்லை. இந்தப் பிசுக்கில் எந்தப் பஞ்சு பட்டாலும் ஒட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் தெளித்துத் துடைத்தால் போய்விடும். கதவுகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. கண்ணாடியில் நேராக அடித்தால் டேஷ்போர்டில் ஒழுகும், அதனால் எப்போதும் துணியில்தான் தெளிக்க வேண்டும். அமோனியா கலந்த வீட்டுக் கண்ணாடி கிளீனரை, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு உள்பக்கம் பயன்படுத்தாதீர்கள். ஃபிலிம் கெட்டுப்போகும்.

அப்புறம், பிசிறு சேர்கிற மூலைகள் சில உண்டு. கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டையும் புள்ளிகளும் இருக்கிறதல்லவா, அது சூளையில் சுட்டு ஏற்றிய பீங்கான் பெயிண்ட். பல கார்களில் உள்பக்கமே இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், துணியின் இழையைப் பிடித்து இழுக்கும். அங்கே தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரின் ஓரத்தில் வெளியே வந்த பசையும் அப்படித்தான். ஸ்டிக்கரை விட்டுச் சுற்றித் துடையுங்கள். பின் கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள், அதாவது சூடாகிப் பனிப்படலத்தைப் போக்கும் மெல்லிய கோடுகள், இருந்தால் குறுக்கே போகாமல் கோட்டின் வாக்கிலேயே துடையுங்கள். பிசிறும் மாட்டாது, கோடும் பிரியாது.

நியூஸ்பேப்பர் பற்றிக் கேட்டாரே. அது பிசிறு விடாது என்பது பெருமளவு உண்மை. ஆனால் மை கையிலும், கதவின் வெளிர் நிறத் துணியிலும், கூரை விளிம்பிலும் பிடிக்கும். ஈரமானதும் கிழியும். முன் கண்ணாடி டேஷ்போர்டைத் தொடும் அந்த ஒடுங்கிய இடத்துக்குள் காகிதத்தை வைத்துச் சரியாகத் துடைக்கவும் முடியாது. வேறு வழியில்லாதபோது வெளிப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே நான் சொல்லமாட்டேன்.

பழைய துணிகளைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பஞ்சு ஏறிய நீலத் துணிகளைத் தனியாக, லிக்விட் சோப்பில், இரண்டு மூன்று தடவை துவைத்து உதறிவிட்டு, அதே செல்லோ டேப் சோதனையைச் செய்யுங்கள். டேப் சுத்தமாக வந்தால் கண்ணாடிக்கே திரும்பலாம். வராவிட்டால் வீல், கதவு இடுக்கு, பானெட் உள்பக்கம் என்று வேலை மாற்றிக் கொடுங்கள். எது கண்ணாடித் துணி, எது வீல் துணி என்று அடையாளம் தெரிய மூலையைக் கத்தரித்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யாதீர்கள், வெட்டிய இடத்திலிருந்தே நூல் பிரிய ஆரம்பிக்கும். அழியாத மார்க்கரால் ஓரத் தையலில் ஒரு கோடு போட்டாலே போதும்.